வேங்கடக் காட்டில் ஓராண்டு

வடதிசைக் காடு என்ற மாத்திரத்தில் இமயமலைச் சாரலையும், பனி மூடிய பிற தேசங்களையும் எண்ணுவது இக்காலத்து வழக்கமாகிவிட்டது. ஆனால் தமிழுக்கு வடக்கு எது என்பதைத் தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனார் அந்நாளிலேயே வரையறுத்து வைத்தார். தெற்கே குமரி, வடக்கே வேங்கடம். அந்த வேங்கட மலையைக் கள்வர் கோமான் புல்லி என்னும் தலைவன் ஆண்ட செய்தியை மாமூலனார் அகநானூற்றில் கூறுகிறார். யானை திரியும் காடு, வெப்பம் மிக்க வழி, அவ்வழியே பொருள் தேடிச் செல்லும் ஆடவர் என்று அப்பாட்டுகள் காட்டும் காட்சியை எண்ணிப் பாருங்கள். ஊரை விட்டு, உறவை விட்டு, பிழைப்பின் பொருட்டு மலை கடந்து சென்ற அவர்களே பிற மாநிலங்களில் வாழும் நமக்கு முன்னோடிகள். மலைக்கு அப்பாலுள்ள நிலத்தை மொழி பெயரும் தேயம் என்று புலவர்கள் அழைத்தனர். மொழிபெயர்ப்பையே உத்தியோகமாகக் கொண்ட என்போன்றவர்க்கு இத்தொடர் தனி இன்பம் தருவது. இங்கே பெயர்வது சொல் மட்டுமா, ஆளும் சேர்ந்துதானா என்று அலுவலக மேசையில் அமர்ந்து வியந்தது உண்டு.

அந்தப் பழைய வடவெல்லைக் காட்டில் ஓராண்டுக் காலம் முறையாக நடந்து பழகுவது எப்படி என்பதே இப்பேச்சின் பொருள். தங்கும் இடமாக ஏர்பேட்டை எடுத்துக் கொள்வோம். ரேணிகுண்டாவுக்கும் காளத்திக்கும் இடையே, கூடூர் செல்லும் இருப்புப் பாதையில் உள்ள சிற்றூர் இது. திருப்பதியிலிருந்து 25 கிலோமீட்டருக்குள் வந்துவிடலாம். மதனப்பள்ளியிலிருந்து திருப்பதி, காளத்தி வழியாக நாயுடுபேட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலை இவ்வூரைத் தொட்டுச் செல்கிறது. வெங்கடகிரி வழியாக வடக்கே நல்கொண்டாவை நோக்கிப் போகும் மற்றொரு நெடுஞ்சாலை இங்கிருந்து பிரிகிறது. 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர், 2022 ஏப்ரலில் அமைந்த திருப்பதி மாவட்டத்துக்கு உரியதாயிற்று. 1926இல் மலையாள சுவாமிகள் நிறுவிய வியாசாசிரமம் இவ்வூருக்குப் பழம்பெருமை. கேரளத்தில் பிறந்து, திருமலைக் காட்டில் கோகர்ப்பம் என்னுமிடத்தில் பல்லாண்டு தவம் இருந்து, பின் இங்கு வந்து அமர்ந்தவர் அவர். 2015இல் தொடங்கிய திருப்பதி இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், அதே ஆண்டில் தொடங்கிய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகமும் தம் நிலையான வளாகங்களை இந்த ஏர்பேட்டு மண்டலத்திலேயே அமைத்துக்கொண்டன. ஆகவே தமிழ் மாணவரும் ஆசிரியரும் இன்று இங்கு பலர். பம்பாயிலும் புனேயிலும் இருப்பவர்களுக்கும் இவ்விடம் தொலைவன்று. சென்னைக்கு வரும் வண்டிகள் பல ரேணிகுண்டாவில் நின்றே செல்கின்றன. விடுமுறைக்குச் சொந்த ஊர் போகும்போது ஒரு நாள் முன்னதாகப் புறப்பட்டு, இடையில் இறங்கிவிடலாம்.

முதலில் நிலத்தை அறிய வேண்டும். திருமலை, சேஷாசலம், காளத்திக்கு வடக்கே நீளும் வெலிகொண்டா, தெற்கே நகரி மலை ஆகியவை கிழக்குத் தொடர்ச்சி மலையின் உறுப்புகள். திருமலைக்கு ஏறும் மலைச்சாலையில், செங்குத்தான பாறை முகத்தில் இரு வேறு கற்கள் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்திருப்பதைக் காணலாம். கீழே இருப்பது மிகப் பழைய கருங்கல். மேலே இருப்பது மணல் இறுகி உருவான குவார்ட்சைட் என்னும் கடும் பாறை. இரண்டும் தொடும் கோடு பார்வைக்கு ஒரு விரற்கடை. அந்தக் கோட்டில் மறைந்திருக்கும் காலமோ ஏறத்தாழ 80 கோடி ஆண்டு என்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் கணிக்கின்றனர். திருமலையில் உள்ள சிலாதோரணத்தைப் பார்க்கக் கூடும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கேனும் இந்தக் கோட்டின் முன் நிற்கக் காணோம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மேற்பாறையில் வெடிப்புகள் மிகுதி. மழைநீர் அவ்வெடிப்புகளின் வழியே இறங்கித் தாழ்ந்த பிளவுகளில் சுனையாகவும் அருவியாகவும் வெளிப்படுகிறது. தெலுங்கில் இத்தகைய மலைப் பள்ளத்தாக்கைக் கோனா என்பர். தலக்கோனா, கைலாசகோனா, சதாசிவகோனா, பெஞ்சலகோனா என்று ஊர்ப்பெயர்கள் வரிசையாக வருவது இதனாலேயே. தடாவுக்கு அருகிலுள்ள உப்பலமடுகு அருவியின் பெயரில் இருக்கும் மடுகு நம்முடைய மடுவே. பெயரிலேயே எச்சரிக்கை அடங்கியிருக்கிறது. மடு என்றால் ஆழம். மேலே தெளிந்து, அடியில் பாறை மறைந்து கிடக்கும் ஆழம்.

காடு பெரும்பாலும் வறட்சி தாங்கும் இலையுதிர் காடு. இதன் தனிச் செல்வம் செம்மரம். ஆந்திரத்தின் தெற்குப் பகுதியையும் அதை அடுத்த சில இடங்களையும் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வளர்வதில்லை. தேவாங்கு, கரடி, சிறுத்தை, செந்நாய், பொன்னிறப் பல்லி ஆகியவை இங்கு வாழ்கின்றன. 1985இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட திருமலைக் காடு 1989இல் வேங்கடேசுவரர் தேசியப் பூங்காவாயிற்று. பரப்பு சுமார் 353 சதுர கிலோமீட்டர். 2010 செப்டம்பரில் ஏறத்தாழ 4,756 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகம் அமைந்தது. சங்கப் பாட்டில் வரும் யானை நெடுங்காலம் இப்பக்கத்தில் இல்லாமற் போயிருந்தது. 1980க்குப் பின் ஓசூர்ப் பக்கத்துக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் குப்பம், பலமநேர்ப் பகுதிக்குத் தாமாகவே வந்து சேர்ந்தன. அவற்றுக்காக 1990இல் கௌண்டின்யா சரணாலயம் ஏற்பட்டது. புலவர் கண்ட யானை மீண்டது என்று தமிழ் உள்ளம் மகிழலாம். ஆயினும் அச்சரணாலயத்தை நம் நடைத் திட்டத்தில் நான் சேர்க்கவில்லை. யானைக் காட்டில் கால்நடையாகச் செல்வது வீரம் ஆகாது.

இனிக் காலக் கணக்கு. சனவரியிலோ சித்திரையிலோ ஆண்டைத் தொடங்கும் பழக்கம் காட்டுக்குப் பொருந்தாது. இங்கே ஆண்டு ஆடியில் பிறக்கிறது. கோடையில் கரிந்து கிடந்த மலை, தென்மேற்குப் பருவத்தின் மாலை மழைகளால் ஆடியில் தளிர்க்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவம் வலுத்து ஓடைகள் பெருகும். மார்கழி நடுவில் வானம் தெளியும். தை, மாசி சிறந்த காலம். பங்குனிக்குப் பின் தீக்காலம். சித்திரை, வைகாசியில் சமவெளியில் வெப்பம் 42, 43 டிகிரியைத் தொடும். இந்த ஒழுங்கை மனத்திற் கொண்டால் எந்த மாதம் எங்கே போகக் கூடாது என்பது தானே விளங்கும். எங்கே போகலாம் என்பது அதற்கு அடுத்த கேள்வி.

ஆடி, ஆவணி இரண்டு மாதமும் கால்களுக்குப் பயிற்சிக் காலம். ஆறு நாள் நாற்காலியில் அமர்ந்து பணி செய்யும் உடம்பை ஏழாம் நாள் மலைமேல் ஏற்றுவது உடம்புக்குச் செய்யும் துரோகம். முதல் நடை சமதரையில் இருக்கட்டும். ஏர்பேட்டு மண்டலத்தில் குடிமல்லம் என்னும் ஊர் இருக்கிறது. பொன்முகலி ஆற்றை ஒட்டிய அவ்வூர்ப் பரசுராமேசுவரர் கோயிலில் உள்ள சிவலிங்கம், கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்தது என்று அறிஞர் பலர் கொள்வர். ஏறத்தாழ ஐந்தடி உயரமுள்ள அந்த லிங்கத்தின் முகப்பில், ஒரு குறளுருவின் தோள்மேல் நிற்கும் வேட்டுவக் கோலத்துச் சிவனைச் செதுக்கியிருக்கிறார்கள். இதை அறிஞருலகுக்கு அறிமுகம் செய்தவர் தொல்லியல் அறிஞர் து. அ. கோபிநாத ராவ். இன்று அது இந்தியத் தொல்லியல் துறையின் காப்பில் இருக்கிறது. கோயிலில் பல்லவர், பாணர், சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உண்டு. காலையில் புறப்பட்டு, வயல்வரப்பிலும் ஆற்றங்கரையிலும் ஐந்தாறு கிலோமீட்டர் நடந்து, வெயில் ஏறுமுன் திரும்புவது ஒரு நல்ல தொடக்கம். குழந்தைகளையும் வயதானவர்களையும் அழைத்துச் செல்லலாம்.

ஆவணியில் படிகள். திருமலைக்கு நடந்து செல்லும் வழிகள் இரண்டு. அலிபிரி வழி சுமார் 9 கிலோமீட்டர், படிகள் 3,550. ஸ்ரீநிவாச மங்காபுரத்துப் பக்கத்திலிருந்து ஏறும் ஸ்ரீவாரி மெட்டு வழி இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே மேல், படிகள் 2,388. குறுகிய வழியே எளிய வழி என்று பலர் எண்ணுகிறார்கள். செங்குத்து மிகுதியாதலால் முழங்காலுக்கு அதுவே கடினம். இரண்டும் பக்தர்களின் வழிகள். மலையேற்றப் பயிற்சிக்கூடங்களாக எண்ணிக் காலணியோடும் கூச்சலோடும் போவது முறையன்று. ஆயினும் மூச்சையும் காலையும் அறிந்துகொள்ள இவற்றினும் சிறந்த இடம் இல்லை. கூட்டம் மிகுந்த வழிதானே, அச்சம் என்ன என்று கேட்கவும் வேண்டா. 2023 ஆகஸ்டில் அலிபிரி வழியில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி சிறுத்தையால் கொல்லப்பட்டாள். அதன்பின் சிறு பிள்ளைகள் பிற்பகலுக்குமேல் அவ்வழியே செல்வதற்குத் தேவஸ்தானம் தடை விதித்தது. தடையின் நேரமும் வயதும் அவ்வப்போது மாறும். புறப்படும் நாளன்று விசாரித்துக்கொள்வதே தக்கது. எந்த விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிள்ளையின் கை பெரியவரின் கைக்குள் இருக்க வேண்டும். பிள்ளை முன்னே ஓடவும் கூடாது, பின்னே தங்கவும் கூடாது. சிறுத்தை குனிந்திருக்கும் உருவத்தையும் சிறிய உருவத்தையும் இரையென்று கருதும்.

புரட்டாசியில் தலக்கோனா. திருப்பதியிலிருந்து சந்திரகிரி, பாகராப்பேட்டை வழியாக 60 கிலோமீட்டர் அளவு. ஆந்திரப் பிரதேசத்திலேயே உயரமான அருவி என்று சொல்லப்படுவது; 270 அடி. சித்தேசுவரர் கோயிலிலிருந்து பாறைகளின் மேல் ஏறிச் செல்லும் நடை. மரங்களின் மேல் மரங்களாகப் பின்னிக்கிடக்கும் பெருங்கொடிகள் இங்கே பார்க்கத் தக்கவை; அவற்றின் காய்கள் அரிவாள் போல் நீண்டு தொங்கும். குரங்குகள் மிகுதி. கையில் உணவுப் பொட்டலம் வைத்திருப்பவர் அதைத் தமக்கென்று எண்ண வேண்டா. புரட்டாசியில் திருப்பதியில் பிரம்மோற்சவக் கூட்டம் பெருகும். ஆகவே ஏர்பேட்டிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு நகரைக் கடந்துவிடுவது நலம்.

ஐப்பசி, கார்த்திகையில் மலை ஓடைகளின் பக்கம் போகவே கூடாது. இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். ஏனெனில் அருவியில் நீர் பெருகிய செய்தி கேட்டதும் சென்னையிலிருந்தும் திருப்பதியிலிருந்தும் இளைஞர்கள் உப்பலமடுகுக்கும் நாகலாபுரத்துக்கும் ஓடுவது இந்த மாதங்களில்தான். மலையுச்சியில் பெய்யும் மழை கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. வானம் வெளுத்திருக்கும்போதே ஓடை இடுப்பளவு உயரும். போன வழி திரும்பும் வழியாக இராது. 2021 நவம்பரில் திருப்பதியில் கொட்டிய மழையில் பொன்முகலி பெருகி ஊர்களுக்குள் புகுந்தது. ஸ்ரீவாரி மெட்டுப் படிவழி சிதைந்து, 2022 மே மாதத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. கல்லால் கட்டிய படிக்கே அந்நிலை என்றால், ஓடைக் கரையில் கட்டிய கூடாரம் எம்மாத்திரம்?

அந்த இரு மாதங்களும் வீணாகப் போக வேண்டியதில்லை. நீர் மலையை விட்டுச் சமவெளிக்கு வந்து சேர்கிறது. நாமும் அதன்பின் வருவோம். காளத்தி, நாயுடுபேட்டை வழியாகச் சென்றால் தொரவாரிசத்திரத்தை அடுத்து நேலபட்டு ஏரி. 1976இல் பறவைச் சரணாலயமாக்கப்பட்ட இடம். மழைநீர் நிறைந்த ஏரிக்குள் கழுத்தளவு நீரிலும் அழுகாமல் நிற்கும் கடம்ப மரங்கள் மீது கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. அக்டோபரில் வரத் தொடங்கி, குஞ்சு பொரித்து, மார்ச்சு வாக்கில் கலைகின்றன. கூட்டில் இவை தங்க, இரை தேடுவது கிழக்கே பழவேற்காட்டு ஏரியில். இந்தியாவின் உவர்நீர்க் காயல்களில் இரண்டாவது பெரியது அது. பூநாரைகள் சேற்றில் தலைகீழாக அலகை வைத்து மேய்வதை, சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா செல்லும் சாலையில் நின்றே காணலாம். ஏரியின் மிகப் பெரும் பகுதி ஆந்திரத்தில் இருந்தும் பெயர் மட்டும் தமிழ்ப் பெயர். நல்ல தொலைநோக்கி ஒன்று இருந்தால் இப்பயணத்துக்குப் போதும். ஒரு கையேட்டில் பறவையின் பெயரைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி வாருங்கள். பிற மாநிலத்தில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் தமிழ்ச் சொல்லைப் பாடப் புத்தகத்தில் காண்பதினும், பறவையின் மேல் வைத்துக் காண்பது உறுதியாக நிற்கும்.

மார்கழிக் கடைசி முதல் மாசி முடிய உள்ள பத்து வாரங்களே இவ்வாண்டின் மணிமுடி. இவற்றை விருந்துக்கும் கலியாணத்துக்கும் கொடுத்துவிடாமல் முன்கூட்டியே குறித்து வைக்க வேண்டும். புத்தூரைச் சுற்றியுள்ள நகரி மலையில் கைலாசகோனா, சதாசிவகோனா ஆகியவை ஒரு நாள் நடைக்கு உகந்தவை. கைலாசகோனாவுக்குச் சாலையே அருவிக்கு அருகில் வருகிறது. சதாசிவகோனாவுக்குப் பாறை வழியே ஏற வேண்டும். நகரி மலையின் முனை மூக்குப் போல் நீண்டிருப்பதால் அதை ஆங்கிலேய மாலுமிகள் நகரி மூக்கு என்று குறித்து, கடலிலிருந்தே திசையறியப் பயன்படுத்தினர். மேகமற்ற தை மாதக் காலையில் அம்மூக்கை ரயில்வண்டியின் சாளரத்திலிருந்தே அடையாளம் காணலாம். பொங்கலுக்கு மறுநாள் காளத்தியில் சுவாமி மலையை வலம் வருகிறார். ஊராரும் உடன் நடக்கிறார்கள். காட்டை ஒட்டிய அம்மலைவலம், முதன்முறை நீண்ட நடைக்கு வருபவர்க்கு நல்ல துணை. கண்ணப்பரின் வேட்டைக் காடு இதுவே என்று நாயன்மார் வரலாறு அறிந்தவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.

திருமலைக் காட்டின் உள்ளே செல்ல ஆண்டில் மூன்று நாட்கள் திறக்கின்றன என்பதைப் பலர் அறியார். மலைமேல் உள்ள தீர்த்தங்களில் மூன்றுக்கு முக்கோடித் திருவிழா நடக்கிறது. தை மாத முழுநிலா நாளில் ராமகிருஷ்ண தீர்த்தம், மாசி முழுநிலா நாளில் குமாரதாரா தீர்த்தம், பங்குனி முழுநிலா நாளில் தும்புரு தீர்த்தம். மாதக் கணக்கைச் சந்திரனை வைத்து எண்ணும் தெலுங்கு நாட்டில், இந்நாட்கள் நம் சூரிய மாதங்களோடு ஒத்து வருவதை நாட்காட்டியை ஒப்பிட்டால் காணலாம். மற்ற நாட்களில் மூடிக் கிடக்கும் காட்டு வழிகளில் அன்று தேவஸ்தானத்தாரும் வனத்துறையினரும் காவல் வைத்து, வழியில் தண்ணீரும் உணவும் அளித்து மக்களை விடுகிறார்கள். தும்புரு தீர்த்தம் மிக அரியது. இரண்டாகப் பிளந்த மலையின் இடுக்கில், இருபுறமும் சுவர்போல் பாறை எழ, நீரில் இறங்கியும் ஏறியும் நடக்க வேண்டும். இதய நோய், இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்களையும் முதியவர், சிறுவர் ஆகியோரையும் வரவேண்டாம் என்று தேவஸ்தானம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது. அவ்வேண்டுகோளை மதிப்பது பக்திக்குக் குறைவன்று. ஆவணியிலிருந்து நம் திட்டப்படி கால்களைப் பழக்கி வந்தவர்க்கு இந்தப் பங்குனி நாளே ஆண்டின் தேர்வு எனலாம்.

இவ்விடத்தில் சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது மற்ற மாநிலத்தவரினும் தமிழருக்கு முக்கியமானது. காப்புக் காட்டுக்குள்ளும் சரணாலயத்துக்குள்ளும் அனுமதியின்றி நுழைவது 1967ஆம் ஆண்டு ஆந்திரப் பிரதேச வனச் சட்டத்தின்படியும், 1972ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படியும் குற்றம். இது எழுத்தளவில் கிடக்கும் விதியன்று. செம்மரக் கடத்தலால் இக்காடுகளில் ஆயுதம் தாங்கிய காவல் உண்டு. 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறப்பட்டு, தமிழ்நாட்டு வடமாவட்டங்களைச் சேர்ந்த கூலித் தொழிலாளர் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன் நியாய அநியாயங்கள் நீதிமன்றத்திலும் மனித உரிமை ஆணையத்திலும் எழுந்த வழக்காகும். அவற்றை ஆராய இப்பேச்சு இடமன்று. ஆனால் அந்த ஆண்டுக்குப் பின், மூட்டை சுமந்து, தமிழ் பேசிக்கொண்டு, இருட்டில் இக்காட்டு எல்லையில் நடந்து வருபவர்களைக் காவலர் எக்கண்ணால் பார்ப்பர் என்பதை நாம் மறக்கலாகாது. வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். அனுமதித் தாளும் அடையாளச் சீட்டும் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கட்டும். தலைவர் ஒருவர் பையில் மட்டும் இருந்தால் பிரிந்துபோனவருக்குத் துணையில்லை. உள்ளூர் வழிகாட்டி ஒருவரை வனத்துறையின் மூலமே அமர்த்துங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலியைப் பேரம் பேசிக் குறைக்காதீர்கள். மாலை நான்கு மணிக்குள் காட்டை விட்டு வெளியே வந்துவிடுங்கள். காய்ந்த செம்மரக் கிளை ஒன்று அழகாக இருக்கிறதே என்று கைத்தடியாக எடுத்து வரவும் வேண்டா.

பங்குனி முழுநிலவுக்குப் பின் மலைக்கு விடை கொடுத்துவிட வேண்டும். உதிர்ந்த இலையும் உலர்ந்த போதைப்புல்லும் ஒரு பொறிக்குக் காத்திருக்கும் காலம் அது. 2014 மார்ச்சில் திருமலைக் காட்டில் பரவிய தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர்கள் வரவேண்டியிருந்தது. 2018 மார்ச்சு 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணியில் நடைப்பயணம் சென்றவர்களைத் தீ சூழ்ந்து, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். புல் மூடிய சரிவில் தீ மேல்நோக்கி மனிதனைவிட விரைந்து ஓடும். மலை ஏறித் தப்பிக்க நினைப்பவரை அது எட்டிப் பிடிக்கிறது. காட்டுத் தீயைக் கண்டால் எரிந்து முடிந்த நிலத்தையோ, புல்லற்ற பாறைத் தளத்தையோ, ஓடைப் படுகையையோ தேடுவதே அறிவு. அதனினும் அறிவு, அக்காலத்தில் அங்கே இல்லாதிருப்பது.

மூட்டையில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்குச் சில சொற்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், உப்பும் சர்க்கரையும், புளியோதரை போன்ற கெடாத உணவு, கணுக்காலை மூடும் காலணி, கைவிளக்கு, ஊதல், காயத்துக்குக் கட்டுத்துணி. கைப்பேசி மலைப் பள்ளத்தில் பெரும்பாலும் ஊமையாகிவிடும். ஆகவே போகும் வழி, உடன் வருவோர் பெயர், திரும்பும் நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வீட்டிலோ விடுதியிலோ கொடுத்துச் செல்லுங்கள். குறித்த நேரத்துக்கு இரண்டு மணி கடந்தும் வராவிட்டால் யாருக்குச் செய்தி சொல்ல வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். பாம்பு தீண்டினால் கீறுவதும் இறுகக் கட்டுவதும் கேடு. தீண்டிய உறுப்பை அசைக்காமல் ஆளைச் சுமந்து வந்து, 108 வண்டியை அழைத்து, திருப்பதி ருயா அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதே வழி. மதுப்புட்டியைப் பற்றித் தனியே பேச வேண்டியிராது என்று நம்புகிறேன். ஆனால் மடுவில் உயிர் நீத்தவர்களைப் பற்றிய செய்திகளில் அது அடிக்கடி வருகிறது.

சித்திரையில் வெயிலுக்கு அஞ்சுபவர்கள் மதனப்பள்ளிக்கு அப்பால் ஹார்ஸ்லி மலைக்குப் போகலாம். சுமார் 4,100 அடி உயரம். கடப்பை கலெக்டராக இருந்த ஹார்ஸ்லி என்பவர் 1870 அளவில் அங்கு மாளிகை கட்டியதால் அப்பெயர் வந்தது. அதற்கு முன் அது ஏனுகு மல்லம்மா கொண்டா, அதாவது யானை மல்லம்மா மலை. வைகாசியில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டிப் பெஞ்சலகோனாவில் திருவிழா. வெலிகொண்டா மலையின் மடியில் உள்ள அவ்விடத்தைப் பகலில் பார்த்து வரலாம், மேலே ஏற வேண்டா. வீட்டிலிருந்தே காட்டைப் படிக்க விரும்புபவர்கள் கென்னத் ஆண்டர்சன் எழுதிய வேட்டை நூல்களில் மாமண்டூர்க் காட்டைப் பற்றிய பகுதியைத் தேடிப் படிக்கலாம். ரேணிகுண்டாவிலிருந்து கடப்பைக்குச் செல்லும் வழியில் உள்ள அந்த மாமண்டூரே இது. புலியைச் சுட்டுப் புகழ் பெறும் காலம் ஒழிந்தது நல்லதே. எனினும் காட்டின் ஒலிகளைக் கேட்கத் தெரிந்தவர் அவர்.

ஆனி வந்ததும் சித்தூர்ச் சாலைகள் முழுவதும் மாம்பழ வண்டிகள். கிளிமூக்கு மாங்காய்களைச் சாறு பிழியும் ஆலைகளின் வாயிலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். மலையில் அப்போது செய்வதற்கு ஒன்றுமில்லை. மேசையில் செய்ய வேண்டியது உண்டு. சென்ற ஆண்டுக் கையேட்டைப் பிரித்து, எந்த நடை யாருக்குக் கடினமாக இருந்தது என்று குறிக்கலாம். பிய்ந்த காலணியைத் தைக்கக் கொடுக்கலாம். புது நாட்காட்டி கிடைக்கும்வரை காத்திராமல் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தை, மாசி, பங்குனி முழுநிலா நாட்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அலுவலகத்தில் அந்நாட்களுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிடலாம். வனச்சரக அதிகாரிக்கு எழுத வேண்டிய விண்ணப்பத்தைத் தெலுங்கில் எழுதுவது நலம். தெலுங்கு எழுதத் தெரியாதவர் பக்கத்து வீட்டாரைக் கேட்டால் மகிழ்ந்தே எழுதித் தருவர். பெரும்பாலும் அவரும் உடன் வருகிறேன் என்று சொல்வார். அவர் பெயரையும் சேர்த்து, ஆனி முடிவதற்குள் அஞ்சலில் சேர்த்துவிட்டால் ஆடிக்குள் மறுமொழி வந்துவிடும்.